வீடு அவளுக்கு, உறுதி யார் பெயரில்?
வாசகர் கேள்வி – பதில்

பெண் – ஆண் சமத்துவம், பெண்கள் இயக்கத்தின் வரலாறு, இனி என்ன என்ற தலைப்பில் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கட பக்கத்தில் குடி (குலப் பிரிவு) தாய்வழி. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறான். வீடு வளவும் பெண்ணுக்கு. இங்கே பெண்ணியத்துக்கு என்ன தேவை? அது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குத்தானே?
– வாசகர், ஆரையம்பதி

நீங்கள் சொல்லும் வழக்கம் உண்மை. பிள்ளை தாயின் குடியைச் சேரும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், பக்கத்து வளவில் தாயோ தமக்கையோ இருப்பார். கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது பொது. புருசன் கை நீட்டினால் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை என்பது சின்ன விடயமல்ல. வேறு பல ஊர்ப் பெண்களுக்கு இல்லாத பலம் அது.

ஆனால் குடி தாய்வழி வருவது வேறு, முடிவு தாயிடம் இருப்பது வேறு. கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். குடியின் பேரில் நிர்வாகத்தில் இருக்கும் வண்ணக்கர் ஆண். பள்ளிவாசலில் குடியின் பேரில் பேசும் மரைக்காயரும் ஆண். குடியைக் கொடுப்பவள் தாய், அந்தக் குடிக்காகச் சபையில் வாய் திறப்பவன் அவளுடைய தம்பி அல்லது மகன்.

சட்டத்திலும் இதே கதைதான். மட்டக்களப்பில் இருந்த மரபுச் சட்டமான முக்குவர் வழமை தாய்வழிச் சொத்தைத் தாய்வழிக்கே வைத்தது. 1876 இன் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு அந்த வழமை நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. அதன்பின் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டியிருந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்று வைத்தது 1923 இன் 18 ஆம் இலக்கச் சட்டம். இடையில் போன ஏறத்தாழ ஐம்பது வருடம் ஊர் வழக்கம் ஒரு பக்கமும் எழுத்து மறு பக்கமும் நின்றன.

இந்த இடைவெளி 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மறுபடி பெரிதாகத் தெரிந்தது. கல்லடி, நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையெங்கும் கடல் கொண்டுபோன வீடுகளில் பெரும்பகுதி சீதன வீடுகள், அதாவது பெண்களின் வீடுகள். புதிய வீட்டுத் திட்டத்தில் படிவம் கேட்டது "குடும்பத் தலைவர்" பெயரை. அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, புதிதாகக் கட்டப்பட்டபோது மருமகனின் வீடாகிவிட்டது. பெண்கள் அமைப்புகள் பிரதேச செயலகங்களுக்கு ஏறி இறங்கி, பெண் பெயரில் அல்லது இருவர் பெயரில் எழுதக் கேட்டன. சில இடங்களில் வென்றன, பல இடங்களில் காலம் கடந்துவிட்டது. பெண்ணியம் இங்கே செய்த வேலை அதுதான்: ஊர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றைப் படிவத்திலும் ஒப்புக்கொள்ள வைக்கப் போராடியது.

வெளிநாட்டுச் சரக்கு என்பதற்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் செனிகா ஃபோல்ஸில் பெண்ணுரிமை மாநாடு கூடியது 1848 இல். அதே 1848 இல் சாவித்திரிபாய் பூலே பூனாவில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். 1911 இல் பேகம் ரொக்கையா கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. இலங்கைப் பெண்கள் 1931 இல் வாக்களித்தார்கள். சுவிற்சர்லாந்துப் பெண்களுக்கு நாடளாவிய வாக்கு 1971 இல்தான் கிடைத்தது. யார் யாரிடம் கற்றார்கள் என்பதைக் காலக்கணக்கே சொல்லும்.

மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதப் போகிறோம். மாப்பிள்ளை வீட்டார் இருவர் பெயரிலும் எழுதச் சொல்கிறார்கள். நொத்தாரிசும் "அப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள்" என்கிறார். என்ன செய்வது?
– பெற்றோர், திருக்கோவில்

மகள் பெயரில் மட்டும் எழுதுங்கள். காரணத்தைத் தெளிவாகச் சொல்கிறோம், மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதையே சொல்லலாம்.

இருவர் பெயரில் எழுதினால் பாதி அவருடையது. பிரிக்கப்படாத அந்தப் பாதியை அவர் விற்கலாம், ஈடு வைக்கலாம். அவர் பட்ட கடனுக்கு நீதிமன்றம் அதைக் கைப்பற்றலாம். பிரிவு வந்தால் வீட்டைப் பங்கிட வழக்கு நடக்கும், அது வருடக்கணக்கில் இழுக்கும். மகள் பெயரில் மட்டும் இருந்தால் மருமகனுக்கு ஒன்றுமே இல்லை என்றும் ஆகாது. மகள் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், பொதுச் சட்டப்படி அரைப்பங்கு கணவனுக்கும் மற்ற அரைப்பங்கு பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே "எங்கட பிள்ளையை நம்பவில்லையா" என்ற பேச்சுக்கு இடமில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தப் பங்கு முறை வேறு, அங்கே முஸ்லிம் மரபுரிமைச் சட்டம் வரும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மனைவி தன் காணியை விற்கக் கணவனும் ஒப்பமிட வேண்டும் என்பது தேசவழமைச் சட்டம். அது வட மாகாணத்தை வாழிடமாகக் கொண்ட தமிழருக்கு. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொதுச் சட்டமே. உங்கள் மகள் தன் வீட்டை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவனின் கையொப்பம் தேவையில்லை. தெரியாமல் சிலர் கேட்பார்கள், வாங்குபவர் பயத்தில் கேட்பார். கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாப்பிள்ளை வடக்கைச் சேர்ந்தவரானால் மட்டும் நிலைமை மாறலாம், எழுதுமுன் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

செய்முறை இது. முதலில் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவுத் தாளைத் தேடுங்கள். பொதுவாக 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பார்கள். பழைய ஈடு ஒன்று இறக்கப்படாமல் கிடந்தால் அங்கேதான் தெரியும். அடுத்து, அனுமதி பெற்ற நில அளவையாளர் கீறிய படம். "கிழக்கே இன்னாரின் வளவு" என்று எழுதிய பழைய எல்லைகள் பிறகு சண்டையாகும். பிறகு நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நன்கொடை உறுதி (உரிமைப் பத்திரம்). அதில் மகள் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒப்பமிட வேண்டும். ஏற்பு இல்லாத நன்கொடை பின்னால் கேள்விக்குள்ளாகும். நீங்கள் கடைசிவரை அந்த வீட்டில் இருக்க நினைத்தால் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, வயதான காலத்தில் திண்ணைக்கு வந்தவர்கள் உண்டு. உறுதி எழுதியதும் உடனே பதிவு செய்யுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முதலில் பதிந்ததற்கே பொதுவாக முன்னுரிமை.

மேலே சொன்னவை எல்லாம் உறுதிக் காணிக்கு. அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியோ அரச அளிப்புக் காணியோ என்றால் பிரதேச செயலாளரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் எழுதிய கைமாற்றம் வெறும் கடதாசி. அங்கே செய்யக்கூடியது மகளைப் பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பின் காணிக்கு உரியவராக, நியமிப்பது. அந்த நியமனம் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட்டிருக்க வேண்டும். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நியமனம் இல்லாத இடத்தில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்தது. எண்பது வருடத்துக்கும் மேலாக இருந்த அந்த வரிசையை 2022 இல்தான் திருத்தினார்கள். அதற்கு முன் நடந்த இறப்புகளில் வந்த சிக்கல்கள் இன்னும் பிரதேச செயலகக் காணிப் பிரிவுகளில் கிடக்கின்றன.

மின்சாரப் பட்டியல், ஆதனவரிச் சிட்டை, கிராம உத்தியோகத்தர் கடிதம் எதுவும் உரிமைப் பத்திரம் அல்ல. வாய்ப்பேச்சில் கொடுத்த வீடு, கொடுத்தவர் கண் மூடிய அன்றே எல்லாப் பிள்ளைகளின் வீடாகிவிடும்.

மார்ச் 8 ஏன் மகளிர் தினம்?
– மாணவி, கல்முனை

1910 இல் கோப்பன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா செற்கின் முதலானோர் சர்வதேச மகளிர் தினத்தை முன்மொழிந்தனர். அப்போது திகதி குறிக்கப்படவில்லை. 1917 மார்ச் 8 அன்று பெற்றோகிராட்டில் ஆலைப் பெண்கள் பாண் கேட்டு, போரை நிறுத்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். சில நாட்களில் ரஷ்யப் பேரரசன் முடி துறந்தான். திகதி நிலைத்தது அதனால். சேலை, கேக், பரிசுப் பொதி எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. உங்கள் பாடசாலையில் அந்த நாளில் கோலப் போட்டி வைத்தால், வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பற்றியும் ஒரு பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

1931 இலேயே வாக்குரிமை, 1960 இலேயே உலகின் முதல் பெண் பிரதமர். பிறகும் ஏன் நாடாளுமன்றத்தில் பத்திலொரு பங்கைக்கூடப் பெண்கள் எட்டவில்லை?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

வாக்குரிமை தானாகக் கிடைக்கவில்லை. 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அக்னஸ் டி சில்வா முதலானோர், அரசியலமைப்பை மாற்ற ஆராய்ந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழு முன் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்கள் எதிர்த்தார்கள். ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் என்று பரிந்துரைத்தது, இறுதியில் ஆணுக்குப் போலவே 21 வயதாக வந்தது. பிரித்தானியாவில் அந்தச் சமநிலை வந்தது 1928 இல். நாம் மூன்று வருடம்தான் பிந்தினோம்.

ஆனால் வாக்களிக்கும் வாசலும் வேட்பாளராகும் வாசலும் ஒன்றல்ல. யார் எப்படி உள்ளே போனார்கள் என்று பாருங்கள். சட்டசபைக்குள் சென்ற முதல் பெண் அடலின் மொலமூரே, 1931 இல் தந்தை இறந்ததால் வெற்றிடமான ஆசனத்துக்கு. அடுத்து 1932 இல் நேசம் சரவணமுத்து, கணவர் பதவி இழந்த ஆசனத்துக்கு. 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க, கணவர் கொல்லப்பட்ட பின். நம் பக்கத்துக்கு வாருங்கள்: பொத்துவிலில் 1980 இல் ரங்கநாயகி பத்மநாதன், சகோதரர் கனகரத்தினம் இறந்த பின். 2000 இல் திகாமடுல்லயில் (அம்பாறைத் தேர்தல் மாவட்டம்) பேரியல் அஷ்ரப், கணவர் எம்.எச்.எம். அஷ்ரப் விமான விபத்தில் இறந்து சில வாரங்களில். இவர்கள் திறமையற்றவர்கள் என்பது நம் கருத்தல்ல, பலர் நன்றாகவே வேலை செய்தார்கள். ஆனால் ஒரு ஆணின் கதிரை வெறுமையானால்தான் பெண்ணை அழைப்பது என்ற பழக்கம் எழுபது வருடம் மாறவில்லை.

இதற்கு நடுவில் வீதியில் நடந்த அரசியல் வேறு. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, பிறகு மட்டக்களப்பிலும். 1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை அன்னை பூபதி மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் யுத்த நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டு உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டார். அந்தக் காலத்தில் துப்பாக்கிகளுக்கு முன் நிற்க ஊர் அனுமதித்த ஒரே பெயர் "தாய்". 1990களில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் மட்டக்களப்பில் வேரூன்றியபோது, பெண்கள் தாயாக மட்டுமன்றிக் குடிமகளாகவும் கேட்கத் தொடங்கினார்கள். இடம்பெயர்ந்தவளாக, விதவையாக, கூலி வேலைக்காரியாக, மணம் முடிக்காதவளாகவும் கேட்டார்கள். இது நம் மாவட்ட வரலாற்றில் பெரிய திருப்பம், பாடப்புத்தகத்தில் இடம் பெற வேண்டியது.

எந்த ஆணின் கதிரையும் வெறுமையாகாமல் பெண்களுக்காகத் திறந்த முதல் கதவு 2016 இன் 1 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். உள்ளூராட்சி மன்றங்களில் 25%. அதற்கு முன் அங்கே பெண்கள் 2% க்கும் குறைவு. நாடாளுமன்றத்துக்கு அப்படி ஒதுக்கீடு கிடையாது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான்.

அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்க விருப்பம். கட்சிக்காரர் "லிஸ்டில் போடுகிறோம், பயப்படாதீங்க" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, வாழைச்சேனை

எந்த லிஸ்ட் என்று முதலில் கேளுங்கள். வேட்புமனு இரண்டு. முதலாவது, வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடுபவர்களுடையது. அதில் பெண்கள் குறைந்தது 10% இருந்தால் போதும். இரண்டாவது, மேலதிகப் பட்டியல். அதில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். வட்டாரத்தில் வென்றால் ஆசனம் உங்களுடையது, எவர் தயவும் வேண்டாம். மேலதிகப் பட்டியலில் இருந்தால், தேர்தல் முடிந்த பின் கட்சிச் செயலாளர் யார் பெயரை அனுப்புகிறாரோ அவர்தான் உறுப்பினர். பட்டியலில் முதலாவதாக இருப்பது உரிமை தராது. பட்டியலை நிரப்ப மட்டும் பெயர் கேட்கப்பட்டு, பிறகு தொலைபேசியே எடுக்கப்படாத பெண்கள் 2018 தேர்தலிலும் பிறகும் நிறையப் பேர்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு கட்சி அல்லது குழு மொத்த வாக்கில் 20% க்குக் குறைவாகவும், மூன்றுக்குக் குறைந்த உறுப்பினர்களையும் பெற்றால் பெண்களை அனுப்பும் கடமை அதற்கு இல்லை. சின்னச் சின்னக் குழுக்கள் பல ஆசனங்களைப் பிரித்துக்கொண்ட சபைகளில் 25% விழுந்தது இதனால்தான்.

ஆகவே உங்கள் ஊருக்குள் உங்களுக்குச் செல்வாக்கு இருந்தால் வட்டாரத்தைக் கேளுங்கள். தோற்கும் வட்டாரத்தைத் தள்ளிவிடுவார்கள், சென்ற முறை அந்த வட்டாரத்தில் கட்சி எடுத்த வாக்கைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மேலதிகப் பட்டியல்தான் என்றால் செயலாளரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். நீதிமன்றத்தில் அது பெரிதாக நிற்காது, ஆனால் கட்சிக்குள் வாதாட ஒரு கடிதம் கையில் இருக்கும். உங்கள் பெயர் அந்தச் சபைப் பரப்பின் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மணமாகி ஊர் மாறிய பெண்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சுயேச்சைக் குழுவாக நின்றால் வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 5,000 ரூபா, கட்சிக்கு 1,500. 2023 இன் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வென்றாலும் தோற்றாலும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். சுவரொட்டி அடித்த சிட்டை முதல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். "கட்சி கொடுக்கும்" என்று விட்டால் வழக்கு உங்கள் பெயரில் வரும்.

அயலில் ஒரு பெண்பிள்ளை தினமும் அடி வாங்குகிறாள். பொலிஸுக்குப் போனால் "பேசிச் சமாதானமாப் போங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வேறு வழி?
– வாசகி, ஏறாவூர்

2005 இன் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். இது குற்றவியல் வழக்கு அல்ல. கணவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்பே, கிட்ட வராதே என்று நீதவானிடம் கட்டளை வாங்கும் வழி. பலர் பயப்படுவது "அவர் மறியலுக்குப் போனால் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது" என்று. அவர்களுக்கு ஏற்ற சட்டம் இது.

விண்ணப்பத்தை அவளே நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்கலாம். அவள் சார்பில் பொலிஸாரும் கொடுக்கலாம். அவள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றம் போதும், தாய் வீட்டுக்கு ஓடி வந்திருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே. சத்தியக் கூற்று இல்லாவிட்டால் நீதவான் அவளைச் சத்தியத்தின் பேரில் விசாரிப்பார். அவசரம் தெரிந்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும், 14 நாட்களுக்குள் விசாரணை. அதன்பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை, தேவையானால் நீடிக்கலாம். வீட்டுக்குள் வரக்கூடாது, வேலைத்தலத்துக்கு வரக்கூடாது, குடும்ப வீட்டை விற்கக்கூடாது என்றெல்லாம் கட்டளையிடலாம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டப்பணம் அல்லது ஒரு வருடம் வரை சிறை அல்லது இரண்டும். உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்றில்லை, மனதை நொறுக்கும் கொடுமையையும் சட்டம் சேர்த்திருக்கிறது. இது எல்லா இன, மதத்தவருக்கும் பொருந்தும்.

பிழை நடக்கும் இடங்கள் மூன்று. முறைப்பாட்டை எழுதாமல் அனுப்பிவிடுவார்கள். எழுதச் சொல்லி வற்புறுத்தி முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏற்க மறுத்தால் பெண்கள் உதவி இலக்கம் 1938 க்கு அழைத்துச் சொல்லுங்கள். இரண்டாவது, வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி ஒப்பமிடச் சொல்வது. அம்பாறைப் பக்கம் இது அதிகம். தமிழில் கேட்பது அவளுடைய உரிமை, வாசிக்காத தாளில் ஒப்பமிட வேண்டாம். மூன்றாவது, காயத்தோடு தனியார் கிளினிக்கில் மருந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவது. அரச வைத்தியசாலைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் சட்ட வைத்திய அறிக்கை வரும். "படியில் விழுந்தேன்" என்று சொன்னது நோயாளி அட்டையில் ஏறிவிட்டால் பிறகு அழிப்பது கஷ்டம். பல அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது, வெளிநோயாளர் பிரிவில் கேளுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், விண்ணப்பம் எழுத அவர் உதவ வேண்டும். நீங்கள் அயலவராகச் செய்யக்கூடியது: அவளுடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், உறுதிப் பிரதி இவற்றை ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைத்திருங்கள். இரவில் ஓடி வரும் பெண்ணுக்கு அவற்றை எடுக்க நேரமிருக்காது.

முஸ்லிம் தனியார் சட்டத்தைத் திருத்தக் கேட்பவர்கள் மார்க்கத்துக்கு எதிரானவர்களா?
– வாசகி, அக்கரைப்பற்று

இல்லை. திருத்தக் கேட்பது 1951 இன் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை. அது நாடாளுமன்றச் சட்டம். கேட்பவர்களில் முன்னணியில் நிற்பவர்கள், முஸ்லிம் விவாகரத்து, தாபரிப்பு வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்ற வாசலில் காத்திருந்து அனுபவப்பட்ட முஸ்லிம் பெண்கள். அவர்கள் கேட்பவை: மணமகளின் கையொப்பம் பதிவில் வேண்டும், குறைந்த வயது 18, பெண்களும் காதியாகலாம், விவாகரத்தில் சம நடைமுறை. மற்றச் சமூகங்களுக்கு 1995 இல் திருமண வயது 18 ஆனது, இந்தச் சட்டத்தைத் தொடவில்லை. இந்தத் திருத்தத்தை ஆராய 2009 இல் நியமித்த சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுத்தது 2018 இல். அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை பழைய சட்டங்களைச் சமத்துவ உரிமையிலிருந்து காப்பாற்றி வைத்திருப்பதால் நீதிமன்றத்துக்குப் போயும் பயனில்லை. திருத்தம் நாடாளுமன்றத்தில்தான் வர வேண்டும்.

திருத்தம் வரும்வரை செய்யக்கூடியவை: பதியாத நிக்காஹ்வும் செல்லும் என்பதால் பலர் பதியாமல் விடுகிறார்கள், பிறகு தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) கேட்கும்போது திருமணத்தையே நிரூபிக்க வேண்டிவரும். அன்றே பதியுங்கள். மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது) தொகையையும், கைக்கூலி (பெண் வீட்டார் மணமகனுக்குக் கொடுப்பது) கொடுத்திருந்தால் அதையும் பதிவில் எழுதச் செய்யுங்கள். கைக்கூலியைத் திருப்பிக் கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. மணமகளின் சம்மதத்தை அவள் கையால் எழுதி ஒப்பமிட்ட கடிதமாக வைத்துக்கொள்ளலாம். காதியின் கட்டளை பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் காதிகள் சபைக்கு மேன்முறையீடு. காதி போட்ட தாபரிப்பைக் கணவன் கட்டாவிட்டால் அங்கேயே மறுபடி மறுபடி அலைய வேண்டாம். நிலுவையை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி அறவிடும்படி காதியிடம் எழுத்தில் கேளுங்கள்.

வயலில் ஒரே நேரம் இறங்கி ஒரே நேரம் ஏறுகிறோம். ஆணுக்கு ஒரு கூலி, எங்களுக்கு ஒரு கூலி. எப்படிக் கேட்பது?
– வாசகி, சம்மாந்துறை

தனியாக ஒருத்தி கேட்டால் அடுத்த நாள் அவளை அழைக்க மாட்டார்கள். களை பிடுங்கல், நாற்று நடுகை போன்ற வேலைகளுக்கு நாட்கூலியை விட்டுக் குழுவாக ஏக்கர்க் கணக்கில் பேசுங்கள். ஏக்கருக்குப் பேசினால் பெண்கூலி என்ற கணக்கே எழாது. தொடங்குமுன் ஒரு தாளில் ஏக்கர், தொகை, தேத்தண்ணி சாப்பாடு யார் பொறுப்பு என்று எழுதுங்கள். வேலை குவியும் வாரத்தில் பேசுங்கள், வேலை ஓய்ந்த பின் பேசிப் பலனில்லை. தோட்டத் துறையில் ஆண், பெண் நாட்சம்பளம் 1984 இல் சமமாக்கப்பட்டது. அங்கே சங்கம் இருந்தது, வயலில் இல்லை.

இனி இந்த இயக்கம் எங்கே போகும்?
– வாசகர், மட்டக்களப்பு நகர்

அருகில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். 2024 இல் பெண்கள் வலுவூட்டல் சட்டம் நிறைவேறியது, அதன்கீழ் பெண்கள் தேசிய ஆணைக்குழுவுக்கு இடம் வைக்கப்பட்டது. ஆணைக்குழு கொழும்பில் ஒரு பெயர்ப்பலகையோடு நின்றுவிடுமா, தமிழில் முறைப்பாடு ஏற்குமா என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். அதே வருடம் வந்த பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பெரிய ஒரு சட்டத்தைக் காத்திருப்பதைவிட, ஒவ்வொரு சட்டமாகத் திருத்தும் வேலைதான் முன்னால் இருக்கிறது. நீதிமன்றம் பிரித்து வைக்காத கணவன் மனைவியை உடலுறவுக்கு வற்புறுத்துவது இன்னும் வல்லுறவுக் குற்றமல்ல. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பு என்ற விதி 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை.

நம் மாவட்டங்களுக்கு இன்னொன்று முக்கியம். 2013 முதல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாமல் "குடும்பப் பின்னணி அறிக்கை" தடுத்தது. பொருளாதார நெருக்கடியில் 2022 இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். தகப்பனிடம் ஒருபோதும் அப்படி ஒரு அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளை பார்ப்பது, முதியோர் பார்ப்பது யார் வேலை என்ற கேள்வியைச் சட்டமும் வீடும் ஒன்றாகவே பெண் பக்கம் தள்ளுகின்றன. அடுத்த இருபது வருடம் இயக்கம் மல்லுக்கட்டப் போவது இதோடுதான் என்று நினைக்கிறோம். பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் பிரதேச சபைப் பாதீட்டில் பணம் கேட்பது நல்ல தொடக்கம்.

மாதர் சங்கம் ஒன்று தொடங்கினோம். கடன் கொம்பனி வந்து குழுக் கடன் தருகிறேன் என்கிறது. எடுக்கலாமா?
– வாசகி, கிரான்

சங்கத்தைக் கடன் குழுவாக்காதீர்கள். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தவணை நாளில் அவளுடைய வாசலில் போய் நிற்பவர்கள் நேற்றுவரை அவளுக்குத் துணை நின்ற நீங்களே. கடன் தொல்லையில் பிரிந்துபோன சங்கங்கள் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. 2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசே ஏற்க வேண்டி வந்ததற்கு நிலைமை அவ்வளவு மோசமாக இருந்ததுதான் காரணம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாகப் பதியுங்கள், பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் வழி காட்டுவார். சொந்தச் சேமிப்பிலிருந்து சிறு கைமாற்று மட்டும் கொடுங்கள். வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு ஒப்பம் வையுங்கள், இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக்கூடாது. தலைவி, செயலாளர், பொருளாளர் பதவிகளை இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவரிடம் விடாதீர்கள். பல சங்கங்கள் ஒரு அக்காவின் சங்கமாகவே முடிந்துபோவது இதனால். கூட்டத்தைப் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் வையுங்கள். பின்னேரம் வைத்தால் சமைக்கிற பெண்கள் வரமாட்டார்கள், வருகிறவர்களின் முடிவே சங்கத்தின் முடிவாகிவிடும். கணக்குப் புத்தகத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும் வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள், எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்கும்.